மன்னர் ஆண்டில் பிறந்தவள்

ஈரானியக் கணக்கில் 1385ஆம் ஆண்டு ஃபர்வர்தீன் மாதம் நான்காம் தேதி, வெள்ளிக்கிழமை பிற்பகல், ஷீராஸில் ஹாஜ் நுஸ்ரத்துல்லாவின் திருமணப் பதிவகத்தில் இருந்தவர்கள் ஏழு பேர். பதிவகத்துக்கு உரியவரான ஹாஜ் நுஸ்ரத்துல்லா. அவருடைய தங்கை அக்தஸ். அக்தஸின் கணவர் இஸ்கந்தர். அவர்களுடைய மகன் சியாமக். ஹாஜியின் காலஞ்சென்ற தம்பி கியூமர்ஸின் மனைவி ஃபக்ரி. ஃபக்ரியின் ஒரே மகள் தாபான். தாபான் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனத்தின் முதலாளி இன்ஜினியர் வஹ்தானி. எட்டாவதாக ஒருவரும் இல்லை. அன்று அங்கே இருந்ததாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டவர்கள் பலர் உண்டு. அவர்கள் இருக்கவில்லை.

நவ்ரூஸ் புத்தாண்டு விடுமுறையின் கடைசி நாள். மாடியில் ஹாஜியின் மனைவி வந்தவர் போனவரைக் கவனித்துக்கொண்டிருந்தாள். கீழே பதிவகத்தின் முன்கதவு பூட்டியிருந்தது. சுவரோரம் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் சாதாரண நாட்களில் மணப்பெண்ணின் அண்ணன்மார் விறைப்பாக உட்கார்ந்திருப்பார்கள். இன்று குடும்பத்தார் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் மேசைமேல் ஹாஜியின் கணினி. அதன் முன்னால் தாபான்.

அவளுக்கு அந்தப் பிற்பகல் ஒரு வருட வழக்கின் கடைசி நாள்.

வழக்கு நீதிமன்றத்தில் அல்ல, அவளுக்கும் வஹ்தானிக்கும் இடையில். பதிவகங்களுக்கான மென்பொருளில் தேதி எழுதும் பெட்டி ஒன்று வேண்டும். துபாயில் ஒரு நிறுவனம் தயாராக விற்கிறது, வாங்கிப் பொருத்திவிடலாம் என்றார் வஹ்தானி. தாபான் அதை ஒரு வாரம் சோதித்தாள். வெளியே நம் மாதப் பெயரைக் காட்டும்; உள்ளே வயிற்றில் கிறிஸ்தவத் தேதியைத்தான் வைத்திருக்கும். வாரத்தைத் திங்கட்கிழமையில் தொடங்கும். ஆண்டின் கடைசி மாதமான எஸ்ஃபந்துக்கு முப்பதாம் நாள் வரும் ஆண்டுகளில் அந்த நாளையே விழுங்கிவிடும். நான்கு, ஐந்து, ஆறு மூன்றையும் நாம் எழுதுகிற மாதிரி எழுதாது, அரபு நாடுகளில் எழுதுகிற மாதிரி எழுதும்.

"மூணு வளைவு வேற மாதிரி இருக்கு, அவ்வளவுதானே. அதுக்கு ஒரு வருஷம் உட்கார்ந்து புதுசா எழுதணுமா?" என்று கேட்டார் வஹ்தானி.

"உங்க பேர்ல மூணு எழுத்தை வேற மாதிரி எழுதி நீட்டினா கையெழுத்துப் போடுவீங்களா, இன்ஜினியர்?" என்று கேட்டாள் அவள்.

அவள் எழுதினாள். சனிக்கிழமையில் தொடங்கும் வாரம், முதல் ஆறு மாதத்துக்கு முப்பத்தொரு நாள், எஸ்ஃபந்தின் முப்பதாம் நாள், நம் எண்கள். கிறிஸ்தவத் தேதி எந்த இடத்திலும் உள்ளே நுழையக்கூடாது என்பது அவள் தனக்கே போட்டுக்கொண்ட சட்டம். வஹ்தானியும் ஒரு சட்டம் போட்டார். முதல் பதிவகத்தில் ஒரே ஒரு தேதி பிசகினாலும் துபாய்க்காரர்களோடு ஒப்பந்தம். காகிதங்கள் தயாராக இருந்தன. சனிக்கிழமை காலை, அதாவது மறுநாள், கையெழுத்து.

முதல் பதிவகம் பெரியப்பாவுடையது. ஹாஜ் நுஸ்ரத்துல்லா எதையும் இலேசில் ஏற்பவர் அல்லர். "அடுத்தவன் வீட்டுக் கல்யாணத்தை ஏத்தறதுக்கு முன்னாடி என் வீட்டுக் கல்யாணத்தை ஏத்து. புத்தகத்துல என்ன எழுதியிருக்கோ அதையே ஏத்து. உன் இஷ்டத்துக்கு மாத்தாதே" என்று சொல்லியிருந்தார். எல்லாருடைய அடையாளப் புத்தகத்தின் நகலையும் கொடுத்தார். அசலையும் அன்று எல்லாரும் கொண்டுவர வேண்டும் என்று கட்டளை. இன்னொன்றும் கேட்டிருந்தார். பெற்றோரின் மணநாளுக்கு முன்னால் பிள்ளையின் பிறந்தநாள் வந்தால் அந்த வரி சிவப்பாகத் தெரிய வேண்டும். எழுத்தர்களின் கைப்பிழையைப் பிடிப்பதற்காக.

புத்தகத்தில் உள்ளபடி என்றால் மன்னர் ஆண்டும் வரும். மன்னர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் நாட்டின் ஆண்டுக் கணக்கை ஒரே நாளில் மாற்றினார்கள். 1354 முடிந்து மறுநாள் விடிந்தபோது 2535 ஆகியிருந்தது. இரண்டரை ஆண்டு அப்படி ஓடிப் பிறகு பழைய கணக்குக்கே திரும்பினோம். அதற்குள் பிறந்தவர்களின் புத்தகத்தில் அந்தப் பெரிய எண் அப்படியே நின்றுவிட்டது. தாபானின் புத்தகத்திலும் அதுதான். 22 தீர் 2535. அந்த ஆண்டுகளை வாங்கி நம் ஆண்டாக மாற்றிக் காட்டும் வரிகளை அவள் விடுமுறைக்கு முந்தின நாள், நவ்ரூஸ் சாமான் வாங்கப் போகும் அவசரத்தில், அரைமணி நேரத்தில் எழுதிச் சேர்த்தாள். குடும்பத்தின் பெயர்களையும் அன்றே ஏற்றினாள். முழுப் பட்டியலையும் திரையில் விரித்துப் பார்க்க நேரம் இருக்கவில்லை.

முதல் அரைமணி நேரம் எல்லாம் அவள் கைக்குள் நின்றது. எஸ்ஃபந்த் முப்பதை ஏற்றினாள், நின்றது. முப்பது இல்லாத ஆண்டில் ஏற்றினாள், இல்லை என்றது. நான்கும் ஐந்தும் ஆறும் திரையில் நம் நான்காகவும் ஐந்தாகவும் ஆறாகவும் நின்றன. ஹாஜி மூக்குக் கண்ணாடியை இறக்கி விட்டுப் பார்த்து, "ம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

"இதுல தப்பு வராது, பெரியப்பா. வரவே வராது" என்றாள் தாபான், வஹ்தானியின் பக்கம் பாராமல்.

பிறகு குடும்பப் பட்டியலைத் திறந்தாள்.

அக்தஸ் அத்தை பிஸ்தாவை உடைத்துக்கொண்டே எழுந்து வந்து திரைக்கு முன்னால் குனிந்தாள். "எல்லாம் கறுப்பா இருக்கு, இது மட்டும் என்ன சிவப்பு? எனக்குக் கண்ணு சரியில்ல. யாராவது படிங்களேன்."

அவளுடைய கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. இஸ்கந்தர் படித்தார். "தாபான். தகப்பன் கியூமர்ஸ், தாய் ஃபக்ரி. பெற்றோர் மணநாள், 10 மெஹ்ர் 1354. பிறந்த நாள், 22 தீர் 1354." படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று அவருக்குப் புரிந்தது. கையிலிருந்த தேநீர்க் குவளையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

மெஹ்ர் மாதம் தீருக்கு மூன்று மாதம் கழித்து வருவது. அந்த அறையில் அதைக் கணக்குப் போடத் தெரியாதவர் ஒருவரும் இல்லை.

தாபான் அந்த வரியை மறுபடி படித்தாள். தான் 1355இல் பிறந்தவள் என்பது அவளுக்குத் தெரியாதா? மென்பொருள் ஒரு வருடத்தைத் தவறவிட்டிருந்தது.

"ஐம்பத்தஞ்சு இல்லையா இது?" என்றார் ஹாஜி.

"புத்தகத்துப்படி ஐம்பத்தஞ்சுதான் அண்ணே" என்றாள் அக்தஸ். குரலில் தேன். "புத்தகம் எழுதினவன் என்ன பிரசவம் பார்த்தானா? தம்பி போய்ச் சொன்னதை எழுதிக் கொடுத்தான். அந்த வருஷம் காலண்டரே தலைகீழா மாறிக் கிடந்துச்சு. யாரு எப்பப் பிறந்ததுன்னு எவனுக்குத் தெரியும்? நான் ஒண்ணும் சொல்லல. மிஷின் சொல்லுது. தப்பே வராதுன்னு உங்க தம்பி மகதானே இப்பச் சொன்னா."

இது அன்று பிறந்த பேச்சு அல்ல. கியூமர்ஸுக்குத் தன் தோழியைக் கட்டிவைக்க வேண்டும் என்று அக்தஸ் நினைத்திருந்தாள். அவர் காஸெரூனிலிருந்து ஃபக்ரியை அழைத்து வந்தார். பேசி முடித்த மூன்றாவது வாரம் கல்யாணம். அத்தனை அவசரம் ஏன் என்று தெருப் பெண்கள் விரல் விட்டு எண்ணினார்கள். ஒன்பது மாதமும் பன்னிரண்டு நாளும் கழித்துத் தாபான் பிறந்தாள். எல்லாரும் விரலை மடக்கிக்கொண்டார்கள். அக்தஸ் மட்டும் மடக்கவில்லை. பிள்ளை முன்னாலேயே பிறந்துவிட்டது, காஸெரூனில் வைத்து வளர்த்தார்கள், காலண்டர் மாறிய குழப்பத்தில் புது ஆண்டில் பதிந்துவிட்டார்கள் என்பது அவள் முப்பது வருடமாக மடியில் வைத்துக் காத்த கதை. தம்பி உயிரோடிருந்தவரை வாய்க்குள் இருந்தது. அவர் போன ஆறு வருடத்தில் கல்யாண வீடுகளிலும் துக்க வீடுகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்துகொண்டிருந்தது. இன்று அதற்கு ஒரு மிஷின் சாட்சி கிடைத்துவிட்டது.

தாபான் திரும்பித் தாயைப் பார்த்தாள். ஃபக்ரி முதுகை நாற்காலியில் சாய்க்காமல் உட்கார்ந்திருந்தாள். மடியில் கறுப்புக் கைப்பை. இரண்டு கையும் அதன்மேல்.

"ஃபக்ரி கானம்" என்றார் ஹாஜி, மெதுவாக. "புத்தகம் கொண்டுவந்திருப்பீங்க. அதையும் தாபானோடதையும் எடுத்து மேசைமேல வைங்க. எல்லாரும் ஒருதரம் பார்த்துட்டா முடிஞ்சிடும்."

"கொண்டுவந்திருக்கேன், ஹாஜ் ஆகா" என்றாள் ஃபக்ரி. "பேரை ஏத்தறதுக்குன்னு சொன்னீங்க. கொண்டுவந்தேன். இப்ப வேற எதுக்கோ கேக்கறீங்க. அதுக்கு இது இல்ல."

"நான் தப்பா..."

"நீங்க தப்பா நினைக்கல. தெரியும். ஆனா உங்க தம்பி வீட்டுல முப்பது வருஷம் இருந்தவ நான். என் மானத்துக்குக் காகிதம் காட்ட மாட்டேன். இன்னிக்கு இதைக் காட்டினா நாளைக்கு மருத்துவச்சி எங்கேன்னு கேப்பாங்க."

"மடியில கனமில்லேன்னா எடுத்துக் காட்டறதுல என்ன வந்துச்சாம்" என்றாள் அக்தஸ், பிஸ்தா ஓட்டைத் தட்டில் போட்டபடி.

"வராது, அக்தஸ் கானம். ஒண்ணும் வராது. அதனாலதான் காட்டல."

ஹாஜியின் முகம் சுண்டிவிட்டது. அவர் செய்து வைத்த மணங்களின் பதிவேடுகள் நான்கு பக்கமும் அலமாரியில் நின்றன. அவருடைய சொந்தக் குடும்பம் திரையில் சிவப்பாக நின்றது, அதுவும் வெளியாள் ஒருவர் முன்னால். "தாபான், அந்த வரியை அழிச்சிடு" என்றார். "இப்பவே அழி. பேச்சு வேண்டாம்."

"மாட்டேன் பெரியப்பா."

பெரியப்பாவிடம் அந்தச் சொல்லை அதுவரை யாரும் சொன்னதில்லை. இஸ்கந்தர் கூரையைப் பார்த்தார்.

"அழிச்சா, இருந்ததுன்னு ஆயிடும். அம்மா இங்க உட்கார்ந்திருக்காங்க. அவங்க எதிர்ல என் பேரை நான் அழிக்க மாட்டேன்."

வஹ்தானி தன் நாற்காலியை மெல்ல அவள் பக்கம் நகர்த்தினார். கெட்ட மனிதர் அல்லர். அவருக்கும் அந்தக் காட்சி பிடிக்கவில்லை. தணிந்த குரலில் சொன்னார்: "இதோ பாரு. விரல் தவறிடுச்சுன்னு சொல்லு. தட்டச்சுல அஞ்சுக்குப் பதிலா நாலு விழுந்துடுச்சுன்னு சொல்லு. நான் கேட்டுக்கறேன். பிழை விரலோடதுன்னா உன் காலண்டர் பிழைக்கும். ப்ரோகிராமோடதுன்னா நாளைக்குக் காலையில நான் கையெழுத்துப் போட்டாகணும். நீயே முடிவு பண்ணு."

நல்ல வழிதான். ஒரு வருட உழைப்பு காப்பாற்றப்படும். தாபான் அதை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் விரல் தவறிவிட்டது என்று சொன்னால் அத்தை என்ன சொல்வாள்? முப்பது வருஷம் முன்னாலும் பதிவகத்தில் இப்படித்தான் ஒரு விரல் தவறியது என்பாள். தட்டச்சுப் பிழை என்பது ஒருத்திக்கு மட்டும் நேர்வது. ஒருத்திக்கு மட்டும் நேர்ந்தால் சந்தேகம் ஒருத்தியோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். மென்பொருளின் பிழை அப்படி அல்ல. அது ஆள் பார்க்காது. அந்த ஆண்டில் பிறந்த அத்தனை பேரையும் பிடித்திருக்கும்.

அத்தனை பேரையும்.

அவள் பட்டியலை மேலே நகர்த்தினாள். அத்தை வீட்டுப் பெயர்களில் நிறுத்தினாள். நின்றுகொண்டு பேசினாள்.

"தப்பு ப்ரோகிராமோடது. எழுதினது நான். விரல் தப்பு இல்ல, கணக்குத் தப்பு. மன்னர் ஆண்டுல பிறந்த எல்லாரையும் ஒரு வருஷம் முன்னாடி தள்ளியிருக்கு. இன்ஜினியர், நீங்களும் கேட்டுக்கங்க."

வஹ்தானி கண்ணை மூடித் திறந்தார்.

"சுலபமாச் சொல்லிட்ட" என்றாள் அக்தஸ். "உனக்கு வேண்டாத இடத்துல வந்தா கணக்குத் தப்பு."

"உங்களுக்கு வேண்டிய இடத்துல வந்தா உண்மையா அத்தை? சரி, உண்மைன்னே வைங்க. மிஷின் சொல்றதை முழுசாக் கேப்போம். இஸ்கந்தர் மாமா, இந்த ரெண்டு வரியையும் படிங்க."

இஸ்கந்தர் மனைவியைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். "ஷஹ்லா. பிறந்த நாள், 15 ஃபர்வர்தீன் 1354." அது அவர்களுடைய மூத்த மகள், அஹ்வாஸில் கணவன் வீட்டில் இருப்பவள். "சியாமக். பிறந்த நாள், 3 கோர்தாத்..." நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "1354."

"ஷஹ்லா புத்தகத்துல பழைய கணக்கு. அதனால அவ சரியா நிக்கறா. சியாமக் என்னை மாதிரி மன்னர் ஆண்டு. அவனையும் ஒரு வருஷம் முன்னாடி தள்ளியிருக்கு" என்றாள் தாபான். "அத்தை, இந்த மிஷின் சொல்றது நிஜம்னா நீங்க ஷஹ்லாவைப் பெத்த ஐம்பதாம் நாள் சியாமக்கைப் பெத்திருக்கீங்க."

மாடியில் யாரோ நாற்காலி இழுக்கும் ஒலி கேட்டது.

"ஐம்பது நாளா?" என்றார் இஸ்கந்தர், யோசனையோடு. "அதுல நாப்பது நாள் உங்கம்மா என்னை அறைக்குள்ளயே விடலையே அக்தஸ்."

சியாமக்தான் முதலில் சிரித்தான். தேநீர் புரையேறி இருமினான். "அப்ப பத்து நாள்ல நான் தயாராயிட்டேன். அம்மா, சொல்லவே இல்லையே. என்னைப் பள்ளிக்கூடத்துல மந்தம்னு திட்டினாங்க, எவ்வளவு வேகமா வந்தவன் நான்."

"வாயை மூடு" என்றாள் அக்தஸ்.

"இல்லம்மா, நியாயமாக் கேக்கறேன். தாபான் முன்னாடியே பிறந்தவன்னா, நான் யாரு? என்னை எங்கிருந்து எடுத்தீங்க? கடைத்தெருவிலயா?"

"அது மிஷின் கோளாறுடா. உனக்கும் ஷஹ்லாவுக்கும் ஒரு வருஷத்துக்கு மேல வித்தியாசம். ஊருக்கே தெரியும்."

"அதேதான் அத்தை" என்றாள் தாபான். "ஒரே கோளாறு. எனக்கு வந்தா உண்மை, சியாமக்குக்கு வந்தா கோளாறுன்னு பிரிச்சுப் பார்க்க அதுக்குத் தெரியாது. உங்களுக்குத்தான் தெரியும்."

அக்தஸின் கை பிஸ்தாத் தட்டுக்குப் போய், வெறுமனே திரும்பியது.

தாபான் உட்கார்ந்து தன் மடிக்கணினியைத் திறந்தாள். பிழை எங்கே என்று தேட அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. கண்டதும் காது மடல் சூடாகிவிட்டது. 2535க்கும் நம் ஆண்டுக்கும் நேராகக் கழித்தால் இடையில் 1180. ஒரே கழித்தல். அவள் அவசரத்தில் அந்த எண்ணை யோசிக்கவில்லை. 2535 என்றால் கிறிஸ்தவ ஆண்டு 1976 என்று மனப்பாடமாகத் தெரியும். அதிலிருந்து 622ஐக் கழித்துவிட்டாள். நவ்ரூஸுக்கு முந்தின மாதங்களுக்குத்தான் 622. நவ்ரூஸ் பிறந்துவிட்டால் 621. இதை அவளே புதிதாக வேலைக்கு வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள். கிறிஸ்தவத் தேதி உள்ளே நுழையக்கூடாது என்று சட்டம் போட்டவள், ஒரே ஓர் இடத்தில் குறுக்குவழி என்று அந்த வாசல் வழியாகப் போயிருந்தாள். அங்கேயே கால் இடறியது, அதுவும் தன் தாயின் மேலேயே.

அவள் அதை மறைக்கவில்லை. மடிக்கணினியை வஹ்தானியின் பக்கம் திருப்பினாள்.

"இதோ, இந்த வரி. பாருங்க."

வஹ்தானி பார்த்தார். அவரும் ஒரு காலத்தில் நிரல் எழுதியவர்தான். "அறுநூத்து இருபத்திரெண்டா போட்ட?" என்றார். "நீயா?"

"நானேதான். ஒரு வருஷமா உங்ககூடச் சண்டை போட்டு நம்ம கணக்கை நம்ம கணக்காவே எழுதினேன். அதுல ஒரு இடத்துலயும் பிசகல. பிசகினது இந்த ஒரு இடம். நீங்க சொன்ன வழியில நான் போன ஒரே இடம்."

"அதுக்கும் நான்தான் காரணமா?"

"காரணம் நான். வழி அது."

"தாபான், ஒரு பிழைன்னு பேச்சு. ஒரு பிழை வந்துடுச்சு. நீயே எழுந்து நின்னு சொல்லிட்ட."

"சொன்னேன். துபாய்க்காரங்க பெட்டியில பிழை வந்தா யார் எழுந்து நின்னு சொல்வாங்க? அதோட மாதிரி உங்ககிட்ட இருக்கில்ல. திறங்க. 2535 போடுங்க."

வஹ்தானிக்கு அதைச் செய்ய விருப்பமில்லை. ஆனால் ஹாஜி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணினியில் அந்தப் பெட்டி திறந்தது. தாபான் தன் பிறந்த நாளை அதில் எழுதினாள். பெட்டி ஒரு மணி அடித்து, அப்படி ஓர் ஆண்டு இல்லை, சரியான ஆண்டைத் தருக என்றது. மறுபடி எழுதினாள். மறுபடி மணி.

ஹாஜ் நுஸ்ரத்துல்லா எழுந்தார். அலமாரிக்குப் போய், முதுகில் 2535 என்று பொறித்த தடித்த பதிவேட்டை இரண்டு கையாலும் தூக்கி வந்து கணினியின் பக்கத்தில் வைத்தார். மேசை குலுங்கியது.

"இன்ஜினியர்" என்றார். "அந்த வருஷம் நான் இங்க எழுத்தனா இருந்தேன். இந்தப் புத்தகத்துல இருக்கிற கல்யாணத்துல பாதிக்கு நான்தான் பேனா பிடிச்சேன். அந்தக் கணக்கு எனக்குப் பிடிச்சதா பிடிக்கலையான்னு யாரும் கேக்கல. ஆனா அதுல எழுதினவங்க புருஷன் பெண்டாட்டியா வாழ்ந்தாங்க. பிள்ளை பெத்தாங்க. அப்படி ஒரு வருஷமே இல்லைன்னு மணி அடிக்கிற பெட்டியை என் மேசைமேல வைக்க மாட்டேன்."

"ஹாஜ் ஆகா, ஒரு பதிவகம் வேண்டாம்னு சொன்னா..."

"நான் ஒருத்தன்தான் சொல்வேன்னு நினைக்கறீங்களா? இந்த ஊர்ல எல்லாப் பதிவகத்துலயும் இந்தப் புத்தகம் இருக்கு."

வஹ்தானி தாபானிடம் திரும்பினார். "நான் நாளைக்குக் கையெழுத்துப் போட்டேன்னா?"

"போடுங்க. என் காலண்டரை எடுத்துக்கிட்டு நான் போயிடுவேன்."

"அது கம்பெனி சொத்து."

"எழுதின வரி கம்பெனியோடது. நவ்ரூஸ் எப்ப வருதுங்கறது கம்பெனியோடது இல்ல. மறுபடி எழுதுவேன். இந்தத் தரம் 622 போட மாட்டேன்."

சியாமக் கைதட்டப் போனான். ஃபக்ரி பார்த்த பார்வையில் கையை மடியில் வைத்துக்கொண்டான்.

தாபான் அந்தக் கிறிஸ்தவ ஆண்டின் வரி இரண்டையும் நீக்கினாள். 1180 என்று ஓர் எண்ணை எழுதினாள். எல்லாரும் பார்க்க, மென்பொருளை மறுபடி ஹாஜியின் கணினியில் ஏற்றினாள். பட்டியல் விரிந்தது. சிவப்பு இல்லை. 22 தீர் 1355. அதற்கு மேலே சியாமக், 3 கோர்தாத் 1355.

"வயசு குறைஞ்சுடுச்சு" என்றான் சியாமக். "நல்ல கம்பெனி."

ஹாஜி உட்காரவில்லை. "அக்தஸ்" என்றார். அந்தக் குரலில் அவர் கூப்பிட்டால் வீட்டில் யாரும் தட்ட முடியாது. "முப்பது வருஷமா எனக்கும் காது இருக்கு. கேக்காத மாதிரி இருந்தது என் தப்பு. இன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொன்ன. எல்லார் முன்னாடியும் ஃபக்ரி கானம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லு."

அக்தஸ் தலைத்துணியைச் சரி செய்துகொண்டாள். அவளும் அந்தக் குடும்பத்துப் பெண்தான். தலை குனிவது அவளுக்கும் சுலபமாக வருவதில்லை. திரையைப் பார்த்தபடி, "மிஷின் தப்பாச் சொல்லிடுச்சு" என்றாள்.

"பரவாயில்ல" என்றாள் ஃபக்ரி. "மிஷினை நான் மன்னிச்சுட்டேன்."

இஸ்கந்தர் அவசரமாக இருமினார். ஃபக்ரி அதற்கு மேல் எதிர்பார்க்கவும் இல்லை. எழுந்தாள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். மாடிப்படி ஏறுமுன் மகளின் பக்கத்தில் நின்று திரையை ஒருமுறை பார்த்தாள்.

"உன் வேலை போயிடுமா?" என்று கேட்டாள், மெதுவாக.

"தெரியல அம்மா."

"விரல் தப்புன்னு சொல்லியிருக்கலாம். அந்த ஆள் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு."

"சொல்லியிருக்கலாம்."

ஃபக்ரி தலையசைத்தாள். "நல்லவேளை சொல்லல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியேறினாள். முழங்கால் வலி உள்ளவள். அன்று கைப்பிடியைப் பிடிக்காமல் ஏறினாள்.

வஹ்தானி விடைபெற்றபோது ஒரு முடிவும் சொல்லவில்லை. ஹாஜியின் கையைக் குலுக்கினார். வாசலில் செருப்பு மாட்டும்போது, "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்துடு. அந்த ரெண்டரை வருஷத்தையும் நாள் நாளாச் சோதிக்கணும். நானும் உட்காரறேன்" என்றார் தாபானிடம். சனிக்கிழமை துபாய் ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் ஆகவில்லை. தாபான் அதற்குப் பிறகும் அவரோடு வாரம் ஒருமுறை சண்டை போட்டாள். அது வேறு விஷயம்.

நவ்ரூஸின் பதின்மூன்றாம் நாள், வழக்கப்படி எல்லாரும் தோட்டங்களில் கம்பளம் விரித்து உட்கார்ந்தபோது ஒரு பேச்சு சுற்றியது. ஃபக்ரியின் மகள் கெட்டிக்காரி, தாயின் குட்டு வெளிப்பட்டதும் எல்லார் கண் முன்னாலேயே கணினிக்குள் புகுந்து தன் பிறந்த தேதியை மாற்றிவிட்டாள் என்று. இன்றும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

அது பொய். தேதியை அவள் தொடவில்லை. புத்தகத்தில் உள்ளபடி 22 தீர் 2535 என்று ஏற்றியது அப்படியே இருக்கிறது. மாறியது கழிக்கும் எண். 1181 ஆகக் கழிந்துகொண்டிருந்தது 1180 ஆனது.